வந்து திரும்பியவர்கள்

1

கிராமத்துக்கு வைத்தியம் போய்ச் சேர்ந்த கதையை நாம் ஒரே திசையில்தான் சொல்லி வந்திருக்கிறோம். அறிவு நகரத்தில் இருக்கிறது. ஜீப்பில் ஏறி, புழுதி கிளப்பிக்கொண்டு, அது கிராமத்துக்குப் போகிறது. அங்கே விபூதி, வேப்பிலை, தலைவிதி என்று கிடக்கும் ஜனங்கள் முதலில் அதை மறுத்து, பிறகு மெல்ல ஏற்கிறார்கள். சர்க்கார் செய்திப்படங்கள் இப்படிச் சொல்லின. நம் எழுத்திலும் இதே கதை நேராகவோ தலைகீழாகவோ இருந்துகொண்டுதான் இருக்கிறது. கிராமத்தானின் அறியாமைக்கு இரங்குகிறவர்கள் ஒரு பக்கம். அந்த அறியாமையையே ஆதி ஞானமாகக் கொண்டாடுகிறவர்கள் இன்னொரு பக்கம். சண்டை பலமாக நடந்தாலும் இரு தரப்புக்கும் ஒரு பொது நம்பிக்கை உண்டு. அவன் தானாக ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான் என்பது அது.

1960களின் தொடக்கத்தில், அப்போதைய மைசூர் ராஜ்யத்தின் தும்கூர் ஜில்லாவில் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 1963இல் அச்சில் வந்தது. இரு தரப்பையும் ஒருசேரப் பொய்யாக்கிய முடிவு அது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் எழுத்துச் சூழலில் அதைப் பற்றிய பேச்சு இல்லை. அந்த ஆராய்ச்சி எங்கிருந்து வந்தது, பிறகு அதை என்ன செய்தோம் என்பதைச் சொல்லிப் பார்க்கலாம். க்ஷயரோகத்தின் கதை இது. கிராமத்து மனிதனைப் பற்றி நாம் வைத்திருக்கும் சித்திரத்தின் கதையும்கூட.

2

மருந்து வருவதற்கு முன்னால் க்ஷயத்துக்கு ஸானடோரியம் இருந்தது. நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் ஸானடோரியம் 1915இல் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928இல் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய இலக்கியம் வாயிலாக நமக்குப் பரிச்சயமான இடமும் இந்த ஸானடோரியம்தான். தாமஸ் மன் 1924இல் வெளியிட்ட நாவல் ஒரு மலை ஸானடோரியத்துக்குள் நடக்கிறது. அதே வருஷம் காஃப்கா வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸானடோரியத்தில் இறந்துபோனார். க்ஷயம் என்றால் தனிமை, நீண்ட காலம், சாய்வு நாற்காலி, மரணத்தைப் பற்றிய விசாரம் என்று நமக்குப் பழக்கமாகிவிட்டது. படுக்கை கிடைத்தவனின் க்ஷயம் அது.

படுக்கை எத்தனை பேருக்குக் கிடைத்தது? போர் குழு 1946இல் தந்த அறிக்கையின் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 25 லட்சம் நோயாளிகள். வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் சாவு. நாடு முழுவதும் இருந்த படுக்கைகள் சுமார் 6,000. நானூறு பேருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற முன்னூற்றுச் சொச்சம் பேர் வீட்டுத் திண்ணையில் இருமினார்கள். வீட்டுக்கு வெளியே ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவர்களைப் பற்றி நாவல் இல்லை.

நம்மவர் ஒருவரின் சாவையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். புதுமைப்பித்தன் க்ஷயத்தால் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவில் 1943இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது க்ஷயத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று முறைப்படி நிரூபித்த பிரிட்டிஷ் பரிசோதனையின் முடிவு வெளியானது 1948 அக்டோபரில். நாலு மாத வித்தியாசம். நாம் இதை இலக்கியத்தின் துரதிர்ஷ்டமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வருஷம் இந்தியாவில் செத்த லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர் என்று சொல்வதால் அவர் மரியாதை குறைந்துவிடாது. அவரே அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்தான்.

3

1952இல் ஐசோநயாசிட் வந்தது. விலை குறைவு, வாயால் விழுங்கலாம். ஆனால் மாத்திரையை எங்கே வைத்துக் கொடுப்பது? ஸானடோரியத்தில் என்றால் பழைய கணக்குதான்: படுக்கை கிடைத்தவனுக்கு மட்டும். வீட்டில் என்றால், சேரியில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு, அரைவயிற்றுச் சோற்றோடு இருக்கிறவனுக்கு அது வேலை செய்யுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சென்னையில் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் ஒரு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அதற்குத் தலைமை வகித்தார். சென்னையின் ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஸானடோரியத்துக்கு. மறு பாதி அவரவர் வீட்டிலேயே. மருந்து ஒன்றுதான்; ஒரு வருஷம்.

ஸானடோரியத்துக்குப் போனவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடை கூடினார்கள். வீட்டிலிருந்தவர்கள் சீக்கிரமே வேலைக்குப் போனார்கள். அவர்கள் சாப்பாடு மட்டம். 1959இல் முடிவு வெளியானபோது, வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் ஸானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் பத்துக்கு ஒன்பது பேர் என்ற அளவில் சமமாக நின்றது. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்கும் முன்னரே தொற்ற வேண்டியது தொற்றிவிட்டிருந்தது.

ஸானடோரியம் என்ற ஐரோப்பிய ஸ்தாபனம், அதன் காற்று, மலை, விசாரம் எல்லாவற்றோடும், சென்னைச் சேரிக்காரர்கள் 193 பேரால் அவசியமற்றதாயிற்று. உலகத்தின் பல பாகங்களிலும் பிறகு ஸானடோரியங்களை மூடியதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம். நவீனத்துவம் என்று நாம் எதையெல்லாமோ சொல்கிறோம். நம் ஊரிலிருந்து உலகத்துக்குப் போன நவீனமான ஒரு செய்கை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்தவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. மருந்துக்கு வாராவாரம் வரச் சொன்னார்கள். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய், மிச்ச மருந்தை எண்ணிப் பார்த்து, மாத்திரை விழுங்கினார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை என்றால் வீடு வரைக்கும் வருகிற ஆஸ்பத்திரி என்று அர்த்தம்.

4

க்ஷயம் நகரத்து வியாதி, ஆலைத் தொழிலாளியின் வியாதி என்று அதுவரை நினைத்திருந்தார்கள். 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, கிராமத்திலும் ஏறக்குறைய நகரத்தளவுக்கே இருக்கிறது என்று காட்டியது. ஜனத்தொகையில் பெரும்பங்கு கிராமத்தில் என்றால் நோயாளிகளிலும் பெரும்பங்கு கிராமத்தில். சென்னைச் சேரியில் கிடைத்த பதிலைக் கிராமத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்க 1959இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் ஏற்பட்டது. மைசூர் மகாராஜாவின் மாளிகை ஒன்றில் அதற்கு இடம் கொடுத்தார்கள்; 1960 செப்டம்பரில் நேரு வந்து திறந்துவைத்தார்.

அங்கே வேலை பார்த்தவர்களில் தேபபர் பானர்ஜி என்ற வங்காளி டாக்டரும் ஸ்டிக் ஆண்டர்சன் என்ற டென்மார்க்காரரும் உண்டு. அப்போது தும்கூர் ஜில்லாவில் எக்ஸ்ரே வண்டி வைத்து ஊர் ஊராக ஜனங்களைப் படமெடுத்து, கோழையைச் சோதித்து, க்ஷயம் யாருக்கு என்று பட்டியல் போட்டிருந்தார்கள். பானர்ஜியும் ஆண்டர்சனும் அந்தப் பட்டியலில் இருந்தவர்களை ஆள் வைத்து விசாரித்தார்கள். உமக்கு உடம்பு எப்படி இருக்கிறது? ஏதாவது தொந்தரவு உண்டா? அதற்கு என்ன செய்தீர்?

அனைவரும் எதிர்பார்த்த பதில்: ஒன்றுமில்லை, சாமி குத்தம், பூசாரியிடம் போனோம். கிடைத்த பதில் வேறு. கோழையில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தங்களுக்கு இருமல், காய்ச்சல், நெஞ்சுவலி என்று ஏதோ இருப்பது தெரிந்திருந்தது. பெரும்பாலோர் அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் நவீன வைத்தியம் செய்யும் ஓர் ஆஸ்பத்திரியையோ டாக்டரையோ தேடி ஏற்கெனவே போயிருந்தார்கள். யாரும் ஜீப்பில் வந்து அழைக்காமல், சுவரொட்டி பார்க்காமல், ஒரு நாள் கூலியை இழந்து, நடந்தோ பஸ் ஏறியோ போனவர்கள்.

போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து.

நம்மில் வயதானவர்களுக்கு அந்த மருந்து நினைவிருக்கும். வீட்டிலிருந்து புட்டி கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுப்பார். வேளைக்கு இவ்வளவு என்று காட்டப் புட்டியின் பக்கவாட்டில் வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். இருமலுக்கு ஒரு நிறம், வயிற்றுவலிக்கு ஒரு நிறம். கோழையைக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்குத் தோன்றவில்லை. நெஞ்சில் க்ஷயத்தோடு வந்தவன், கையில் மிக்சரோடு திரும்பினான். குணமாகவில்லை என்றதும் பூசாரியிடமும் போனான். நம் கதாசிரியன் கிராமத்துக்குள் நுழைந்தது அந்தச் சமயத்தில். பூசாரியின் முன் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தான்; அவன் கையிலிருந்த காலிப் புட்டியைப் பார்க்கவில்லை.

5

இந்தக் கண்டுபிடிப்பை வைத்து ஒரு திட்டமே போட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1962இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டத்தின் அடிப்படை இதுதான்: நோயாளியை வீடு வீடாகத் தேடுவதற்கு முன், தானாக வருகிறவனைக் கவனி. ஜில்லாவுக்கு ஒரு காசநோய் மையம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருமலோடு வருகிறவனின் கோழையை அங்கேயே சோதிப்பது. மருந்தையும் அங்கேயே கொடுப்பது. தனி ஸ்தாபனம் வேண்டாம், தனிப் படை வேண்டாம். ஜனங்கள் உணர்ந்த தேவையிலிருந்து தொடங்குவது என்ற இந்த எண்ணம் அந்தக் காலத்து எந்தச் சுகாதாரத் திட்டத்தையும்விட மரியாதையானது. 1950களில் இந்தியாவின் காசநோய் வேலையில் இருந்த டென்மார்க் டாக்டர் ஹாஃப்டன் மாலர் 1973இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவரானார். 1978இல் அல்மா-ஆடா மகாநாட்டில் ஆரம்ப சுகாதாரமே எல்லோருக்குமான வழி என்று உலக நாடுகள் பிரகடனம் செய்தபோது அவர்தான் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

காகிதத்தில் இருந்தது இது. திட்டம் சாய்ந்து நின்ற தூண் ஆரம்ப சுகாதார நிலையம். அந்தத் தூணை வேறு காரியத்துக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். 1960களின் நடுவிலிருந்து குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு சுகாதார நிலையத்தின் முதல் வேலையாயிற்று. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. இருமலோடு தானாக வந்தவனுக்கு மிக்சர். வராதவனைத் தேடி ஜீப். வட மாநிலக் கிராமங்களில் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். சர்க்கார் வைத்தியத்தை மறுத்த கிராமத்தான் என்று ஒருவன் உண்டென்றால் அவனை இப்படித்தான் தயாரித்தார்கள்.

அதற்கு முந்திய ஒரு சம்பவமும் உண்டு. 1948இல் மதனப்பள்ளியில் தொடங்கி நாடெங்கும் பரவிய பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்தை ராஜாஜி 1955இல் ஒரு பிரசுரமே எழுதி எதிர்த்தார். பத்தாம்பசலித்தனம் என்று சிரித்தார்கள். 1968இல் செங்கற்பட்டு ஜில்லாவில் 209 கிராமங்களையும் 9 நகரங்களையும் எடுத்துக்கொண்டு, லட்சக்கணக்கானவர்களை வைத்து அந்த ஊசியை முறைப்படி சோதிக்கத் தொடங்கினார்கள். 1979இல் வந்த முதல் முடிவு: பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை இது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுக்கிறது என்பதால் பிறந்தவுடன் போடும் ஊசியாக அது இன்றும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ராஜாஜியின் வாதங்கள் எல்லாம் சரியென்று இதனால் ஆகிவிடவில்லை. அவர் கேட்டவற்றில் ஒன்று மட்டும், இது இவ்வளவு நிச்சயமா என்ற கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியாக இருந்தது. அதே கேள்வியை ஒரு செங்கற்பட்டுக் கிராமத்தான் கேட்டிருந்தால் அதற்குப் பெயர் அறியாமை.

1992இல் திட்டத்தை மறு ஆய்வு செய்தபோது, சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட அதை முடிக்கவில்லை என்று தெரிந்தது. மருந்துக்கு ஒதுக்கிய பணம் போதவில்லை. கோழையைப் பார்ப்பதற்குப் பதில் எக்ஸ்ரேயை நம்பினார்கள். சென்னை ஆராய்ச்சியிலிருந்து 'வீடு' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிய மனிதரை விட்டுவிட்டார்கள். 1997 முதல் புதிய திட்டம், கண்ணெதிரே மாத்திரை விழுங்கவைக்கும் முறையோடு, படிப்படியாகப் பரவி 2006இல் நாடு முழுவதையும் எட்டியது. லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. விழுங்குகிறவன்மேல் நம்பிக்கையின்மை ஒரு விதியாகவே எழுதப்பட்டதும் அப்போதுதான்.

6

சென்னை ஆராய்ச்சியிலிருந்து விட்டுப்போனது இன்னொன்றும் உண்டு. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது உண்மையில் அதுதான்.

நல்ல சாப்பாடு இல்லாமலும் மருந்தால் குணமாகிறது என்று 1959இல் தெரிந்தது. ஏழைக்கு அது விடுதலைச் செய்தி. படுக்கைக்காகவும் பாலுக்காகவும் காத்திருந்து அவன் சாக வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாக்கியம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து செக்ரடேரியட்டுக்குப் போகும் வழியில் உருமாறிவிடும். 'சோறு குறைந்தாலும் குணமாகும்' என்பது 'சோற்றைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியதில்லை' என்று ஆனது. ஸானடோரியத்தோடு சேர்த்து அதன் பாலும் முட்டையும்கூடக் கணக்கிலிருந்து போயின. அந்த ஆராய்ச்சி கேட்ட கேள்வி, வந்த நோய் மருந்தால் போகுமா என்பது. பசித்தவனுக்கு நோய் ஏன் வருகிறது என்ற கேள்வியை அது கேட்கவில்லை. கேட்பதாகச் சொல்லவும் இல்லை.

அந்தக் கேள்வியை ஜார்கண்டில் கேட்டார்கள். நான்கு ஜில்லாக்களில் 2,800 நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரான பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் வைத்து நடந்த ஆராய்ச்சி அது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டாருக்கும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் வந்த முடிவு: அரிசியும் பருப்பும் பெற்ற வீடுகளில் புதிதாகக் க்ஷயம் வருவது நூற்றுக்கு 39 என்ற அளவில் குறைந்தது. எந்த ஊசியும் பெரியவர்களுக்குச் செய்யாததை ரேஷன் மூட்டை செய்தது. அந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தவற்றில் ஒன்று, 1956இல் சென்னையில் தொடங்கிய அதே நிலையம், இன்றைய பெயரில். அறுபத்து நாலு வருஷம் கழித்துத் தன் வாக்கியத்தின் மறு பாதியை அது எழுதியிருக்கிறது.

நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல், புதிதாகக் கண்டறியப்படும் நோயாளியின் எடையையும் பலவீனத்தையும் முதல் நாளே பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நல்ல காரியங்கள் இவை. 2025க்குள் க்ஷயத்தை ஒழிப்போம் என்று 2018இல் சொன்ன கெடுவும் கடந்துபோயிற்று. உலகத்துக் க்ஷயரோகிகளில் நாலில் ஒருவர் இன்னமும் இந்தியர்தான்.

இதெல்லாம் ஒரு இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். பானர்ஜியும் ஆண்டர்சனும் செய்தது அடிப்படையில் எழுத்தாளனின் வேலை என்பதால்தான். எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்த ஒரு விஷயத்தில், சம்பந்தப்பட்டவனிடமே போய், உமக்கு என்ன செய்கிறது, நீர் என்ன செய்தீர் என்று கேட்டார்கள். பதிலை, அது தங்கள் சித்திரத்தைக் கெடுத்தபோதும், எழுதிக்கொண்டார்கள். நாம் கிராமத்தானின் ஆழ்மனத்தை எழுதினோம், தொன்மத்தை எழுதினோம், மௌனத்தை எழுதினோம். தும்கூரில் அவன் மௌனமாக இருக்கவில்லை. இருமுகிறது, காய்கிறது, போனேன், இதைக் கொடுத்தார்கள் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறான். அந்த நாலு வார்த்தைக்கு நம் கதைகளில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.